முழு நிமிடம்

மூன்றாவது தடவையும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பதினொன்றோ பன்னிரண்டோ வரைக்கும் வந்திருந்தாள் செண்பகவடிவு. அதற்குள் கிழவர் மறுபடி வாயைத் திறந்துவிட்டார். "என்ன சிஸ்டர், நாடி... இன்னுமா பாக்குதிய? காலைலருந்து நாலு பேரு... பாத்தாச்சு. எல்லாருக்கும் ஒரே நாடிதான்... குடுத்தேன்." கட்டிலின் அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி உலகம்மாள், "கொஞ்சம் சும்மா கெடங்களேன், அந்தப் பிள்ளைக்குப் பரிச்சை" என்றாள். வடிவு சிரித்து வைத்தாள். மணிக்கட்டிலிருந்து விரல்களை எடுக்கவில்லை. நாடி பார்த்து எழுதியாயிற்று. இப்போது பிடித்துக்கொண்டிருப்பது ஒரு பாவனை. நாடி பார்க்கிற மாதிரியே கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோய், அது ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுவது அவருக்குத் தெரியக் கூடாது. உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் மூச்சை மூச்சாக விடுவதில்லை. போட்டோ எடுக்கிறவன் முன்னால் நிற்பதுபோல் விறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து விடுவார்கள். பேசுகிற ஆளுக்கும் எண்ண முடியாது. இவரானால் பேச்சை நிறுத்துகிற ஆளாகத் தெரியவில்லை. பேசாதீங்க என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். வடிவு கடிகாரத்தைப் பார்த்தாள். வார்டு வாசலில் மேசைபோட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்க்கவில்லை, பார்க்காமலே அவர்கள் அங்கே இருப்பது முதுகில் தெரிந்தது. ஒருத்தி அவள் படிக்கிற நர்சிங் கல்லூரியின் பெனிட்டா மிஸ். இன்னொருத்தி பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வந்திருக்கிற மேடம், காலையிலிருந்து யாரைப் பார்த்தும் சிரிக்காதவள்.

இருபது என்று எழுதிவிட்டுப் போகலாம். பேனா அந்தக் கட்டத்துக்குப் போனால் தானாகவே இருபது என்று எழுதும். அவள் வேலை பார்த்த நர்சிங் ஹோமில் எல்லோருக்கும் இருபதுதான். பிள்ளை பெற்றவளுக்கும் இருபது, குடல்வால் எடுத்தவனுக்கும் இருபது, கால் முறிந்து ஒரு மாதமாகக் கிடக்கிறவருக்கு அந்த ஒரு மாதமும் இருபது. யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கமில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும். காய்ச்சல் பார்க்கிறோம், நாடி பார்க்கிறோம், பிரஷர் பார்க்கிறோம், மூச்சை மட்டும் எழுதுகிறோம். டிப்ளமோ முடித்த கையோடு வேலைக்குப் போய், கல்யாணமாகி, கோமு பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போய், இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிறாள், அத்தனை காலமும் அது ஒரு பொய் என்றுகூட வடிவுக்குத் தோன்றியதில்லை. கோலத்துக்குச் சுற்றிலும் கோடு இழுப்பதுபோல அது சார்ட்டை முடித்துவைக்கிற ஒரு காரியம். பட்டப்படிப்புக்கு என்று இந்தக் கல்லூரிக்கு வந்த புதிதில்தான் பெனிட்டா மிஸ், அவளைவிடப் பத்து வயதாவது சின்னவள், சார்ட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, உங்க வார்டுல எல்லாரும் சேந்து ஒரே தாளத்துல மூச்சு விடுவாங்களோ? பஜனை மாதிரி?" கூட நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். வெடுக்கென்று பேசவில்லை, சிரித்த முகத்தோடுதான் கேட்டாள், அதனால்தான் இன்னும் எரிந்தது. எத்தனை பிரசவம் பார்த்தவள் நான், எத்தனை உயிர் என் கையில் போயிருக்கிறது, நேற்று முளைத்தது கேட்கிறது பார் என்று பஸ்ஸில் ஊர் வரும்வரை மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் புருஷன் ஆவுடையப்பன் கட்டாந்தரையில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். பதினான்கு. மறுபடி எண்ணினாள். பதினான்குதான். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவள், இது தெரியாமலே படுத்திருக்கிறாள். அவன் ஒரு கண்ணைத் திறந்து, "என்னட்டி பாக்க?" என்றான். "ஒண்ணுமில்ல, ஒறங்குங்க." அதற்கப்புறம் பெனிட்டா மிஸ்மேல் கோபம் இல்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லவும் இல்லை.

"எழுதிக்கிடுங்க" என்றார் கிழவர். "பேரு பால்வண்ணம். வயசு எழுவத்தொண்ணு. கண்டக்டரு... ரிட்டையர்டு. சுகர் கெடையாது. பிரஷர் உண்டு. நெஞ்சுல... சளி. பீடிய விட்டு ஆறு வருசம். அதுக்கு முந்தி எவ்வளவுன்னு... கேக்காதிய, இவ இருக்கா." பரீட்சைக்குப் பழகிய ஆள். வார்டு நர்ஸ் முத்துக்கனி காலையிலேயே காதில் போட்டிருந்தாள்: "அக்கா, ஒங்களுக்குன்னு கண்டக்டர் தாத்தாவ வச்சிருக்கேன். நீங்க வாயே தொறக்க வேண்டாம், எல்லாம் அவரே சொல்லிருவாரு." அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பரீட்சை வருகிறதென்றால் நல்ல நோயாளிகளாகப் பார்த்து ஒன்றிரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வார்கள். தன் நோயைப் பாடம்போலச் சொல்லத் தெரிந்தவர்கள், சிடுசிடுக்காதவர்கள், பிள்ளைகள் எத்தனை தடவை கையைப் பிடித்தாலும் கொடுக்கிறவர்கள். பரீட்சை முடிந்ததும் வீடு. இவருக்கும் இன்று மத்தியானம் வீடு. உலகம்மாள் காலடியில் ஒயர்கூடை, அதில் அவர் உடுத்துகிற சாரம், தட்டு, பிளாஸ்க், எல்லாம் ஏறிவிட்டன. முத்துக்கனியும் வடிவு மாதிரி டிப்ளமோதான். கை நிறைய வேலை, ஒரு வார்டுக்கு ஒரு ஆள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டில் நேற்றைக்கு இருபது, முந்தாநாள் இருபது, இன்று காலை இருபது. வடிவு அதை முதலிலேயே பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். தானும் இருபது என்று எழுதினால் அது வரிசையோடு சேர்ந்துகொள்ளும், ஒருவரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. வேறு எதையாவது எழுதினால் அந்த வரிசை முழுவதும் என்ன என்று கேள்வி வரும்.

நேரம் போய்க்கொண்டிருக்கிறது. போன தடவை ஃபெயிலானது இதே பரீட்சையில்தான், அதுவும் நேரத்தால்தான். கைவேலை எல்லாம் முடித்து, நோயாளியைத் துடைத்து, விரிப்பு மாற்றி, அது ஒன்றும் பிரமாதமில்லை, உட்கார்ந்து கேர் பிளான் எழுதும்போது இங்கிலீஷ் வரவில்லை. இவருக்கு என்ன தொந்தரவு, எதனால், நாம் என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்கிறோம், இவ்வளவுதான் எழுத வேண்டியது, நான்கு பத்தி. தமிழில் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்லுவாள். இங்கிலீஷில் ஒவ்வொரு வார்த்தையும் அடுத்த வார்த்தையின் கையைப் பிடிக்காமல் தனித்தனியாக நின்றது. பாதியில் பேப்பரை வாங்கிவிட்டார்கள். இந்தத் தடவை அப்படி விடக் கூடாது என்று கோமுவின் படிப்பு மேசையிலேயே ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, கோமு திருத்தத் திருத்த, மூச்சுக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, எலும்பு முறிவுக்கு ஒன்று என்று மூன்று கேர் பிளான் நெட்டுருப் போட்டிருக்கிறாள். "அம்மா, நீ கண்ண மூடிட்டுச் சொல்லுதப்போ கோயில்ல நிக்க மாதிரியே இருக்கு." மூச்சுக்கு உரியதே இன்றைக்கு வாய்த்துவிட்டது. போய் உட்கார்ந்தால் போதும், கொட்டிவிடலாம். ஆவுடையப்பன் நேற்றுச் சொன்னான், கோபமாக இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ் கடைச் சாவியைத் துடைத்துக்கொண்டே: "இந்தத் தடவையோட சரி வடிவு. இருக்க வேலையும் போயிரக் கூடாது." நர்சிங் ஹோமில் டாக்டரம்மாவும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பாஸாகி வந்தால் வார்டுகளுக்குப் பொறுப்பாளர். இல்லையென்றால் பழைய வெள்ளை சேலை, பழைய வார்டு, இனி படிப்பு என்று லீவு கேட்டு வந்து நிற்கக் கூடாது. எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள். நியாயமாகப் பேசுகிறவர்களிடம் சண்டை போட முடியாது. பாஸாகத்தான் முடியும். அப்படியென்றால் எழுது, இருபது என்று எழுது, எழுந்திரு. எழுந்திருக்கவில்லை. விரல் இன்னும் அந்த மணிக்கட்டில்தான் இருந்தது. எலும்புமேல் தோல் தாள்மாதிரி நகர்ந்தது.

எதற்கு வந்தோம் என்று சில நாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டுக்கொள்வாள். பிள்ளைகள் அக்கா அக்கா என்று சுற்றிவரும், ஊசி குத்தத் தெரியாததுகள் எல்லாம் நோட்டில் அழகழகாக எழுதும், மத்தியானம் தூக்கம் வரும். பொறுப்பாளர் நாற்காலிக்காக என்று வெளியில் சொல்லிக்கொண்டாள். அது கேட்கிறவர்களுக்குப் புரிகிற காரணம். ஒரு தடவை, நர்சிங் ஹோமில், ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு அம்மாளைப் பார்த்ததும் என்னமோ சரியில்லை என்று பட்டது, டாக்டருக்குப் போன் போட்டாள். "டாக்டர், அவங்க ஒரு மாதிரி இருக்காங்க." "ஒரு மாதிரின்னா? என்ன மாதிரி?" முகமா, கண்ணா, படுத்திருந்த விதமா, எதையோ பார்த்திருந்தாள், எதைப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "சரி சரி, வாரேன்" என்றார் அவர். வந்தார், பார்த்தார், மருந்து மாற்றினார், அந்த அம்மாள் நன்றாகத்தான் வீட்டுக்குப் போனாள். ஆனால் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம் வடிவின் வாயிலேயே தங்கிவிட்டது, பல்லிடுக்கில் மாட்டிய நார்மாதிரி. அவர் நல்ல மனுஷர், வந்தார். வராத மனுஷரிடம் ஒரு மாதிரி என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அதற்கு ஒரு பேர் வேண்டும், ஒரு எண் வேண்டும். அதற்காக இங்கே வந்து, அந்த எண்ணை எழுதுகிற கட்டத்தில் இருபது என்று போட்டுவிட்டுப் போனால், இந்தப் படிப்பு எதற்கு, கோமுவின் மேசையில் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு.

"என்ன யோசனை? விடை... வரலியோ?" என்றார் பால்வண்ணம். "நான் வேணா... காப்பியடிக்கத் தாரேன்." அவரே சிரித்துக்கொண்டார். சிரிப்பு முடியவில்லை, இருமலாகத் திரும்பியது, இருமலும் முடியவில்லை. அப்போதுதான் வடிவு அதைக் கேட்டாள். இவ்வளவு நேரம் காதில் விழுந்துகொண்டிருந்ததுதான். நான் வேணா, நிறுத்தம். காப்பியடிக்கத் தாரேன், நிறுத்தம். இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு நிறுத்தம். நகைச்சுவைக்காக நிறுத்துகிறார் என்று நினைத்திருந்தாள், கண்டக்டர்கள் அப்படித்தானே, ஸ்டாப்பிங் பேரைச் சொல்லிவிட்டு ஒரு இடைவெளி விட்டு அடுத்ததைச் சொல்வார்கள். அது நிறுத்தமில்லை. அங்கே மூச்சு வாங்குகிறார். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் அவரால் தாண்ட முடியவில்லை. கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து நிமிர்ந்தது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார், ஊருக்குப் போகிறவர் மாதிரி. ஊருக்குப் போகிறவர்தான். போக வேண்டும் என்பதற்காகத்தான் பேசுகிறார், பேசுகிறவன் நன்றாக இருக்கிறான் என்று யாரும் நினைப்பார்கள், டாக்டர் நினைத்திருப்பார், முத்துக்கனி நினைத்திருப்பாள், பக்கத்திலேயே இருக்கிற உலகம்மாளும் நினைத்துக் கூடையைக் கட்டிவிட்டாள். வடிவுக்கு எண்ணாமலேயே தெரிந்துவிட்டது. ஆனால் எண்ணாமல் தெரிந்தால் அது மறுபடியும் அந்த 'ஒரு மாதிரி'தான்.

அவள் கிழவரிடமிருந்து முகத்தைத் திருப்பி உலகம்மாளைப் பார்த்தாள். "அம்மா, ஊருக்கு, பாவூர்சத்திரத்துக்கு எந்த பஸ்ல போவிய?" உலகம்மாள் இதற்காகவே காத்திருந்தவள்போல ஸ்டூலை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். "பஸ்ஸுக்கா பஞ்சம்? நிமிசத்துக்கு ஒண்ணு. இவுக ஏறணும்லா. மத்த டிப்போ வண்டின்னா ஏற மாட்டாக." வடிவு கண்ணை நெஞ்சுக்கு இறக்கினாள். கடிகாரத்தின் வினாடி முள் பன்னிரண்டைத் தொட்டது. ஒன்று, இரண்டு. "ஏறுனாலும் சும்மா இருக்க மாட்டாக. கண்டக்டர் பையன்கிட்டப் போயி நின்னுக்கிட்டு, சில்லறைய இப்பிடிப் பிடிடே, டிக்கெட்ட அப்பிடிக் கிழிடேன்னு." ஏழு, எட்டு, எட்டா ஒன்பதா, ஒன்பது. தலையை ஆட்டிக்கொண்டே எண்ணினாள். பெனிட்டா மிஸ் மேசையிலிருந்து எழுந்து நிற்பதுபோல் கண்ணோரத்தில் தெரிந்தது, அந்தப் பக்கம் போகாதே, பதிமூன்று. "போன தடவ அந்தப் பையனுக்குப் பொறுக்கல. தாத்தா, நீங்களே குடுத்துருங்கன்னு பையக் கழட்டி இவுக தோள்ல மாட்டிட்டான். வெக்கப்பட்டுத் திருப்பிக் குடுப்பாகன்னு நான் இருக்கேன். இவுக வாங்கிக்கிட்டாக, பாத்துக்கிடுங்க." பத்தொன்பது. இருபது. முள் இன்னும் பாதியைத் தாண்டிக் கொஞ்சம்தான் போயிருந்தது. இருபது என்ற எண்ணை அவள் கடந்து போனது வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். இருபத்தொன்று, இருபத்திரண்டு. "ஆலங்குளம் வரைக்கும் இவுகதான் டிக்கெட்டு. அந்தப் பையன் கால நீட்டி ஒறங்கிட்டு வாரான்." கிழவர் மனைவியைப் பார்த்துச் சிரித்த முகமாகவே இருந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடம். இருபத்தொன்பது, முப்பது, உதட்டைக் குவித்து விடுகிறார், முப்பத்தொன்று. முள் மறுபடி பன்னிரண்டுக்கு வந்தபோது முப்பத்திரண்டு. வடிவு அவர் கையை மெதுவாகக் கட்டிலில் வைத்தாள். கட்டத்தில் எழுதினாள். பேனா கொஞ்சமும் தயங்கவில்லை. கட்டிலின் கைப்பிடியைச் சுற்றி முதுகுப்பக்கத்தை உயர்த்தினாள், கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டாள். "இப்பிடியே சாஞ்சு இருங்க தாத்தா. பேச வேண்டாம். நான் இப்ப வந்துருதேன்."

மேசைக்குப் போகும்முன் முத்துக்கனியிடம் போனாள். மருந்து வண்டியில் குனிந்திருந்தாள் அவள். "முத்துக்கனி, கண்டக்டர் தாத்தாவ ஒரு தடவ வந்து பாரு. மூச்சு முப்பத்திரெண்டு இருக்கு." முத்துக்கனி நிமிர்ந்தாள். "காலைலகூட நல்லாத்தான பேசிட்டு இருந்தாரு. நான் பாத்தேன்லாக்கா." "பாத்திருப்ப. எண்ணிருக்க மாட்ட. நானும் எண்ணுனவ இல்ல." முத்துக்கனியின் முகம் ஒரு கணம் மூடிக்கொண்டது. காலையில் காதோரம் வந்து பேசிய முகம். வடிவுக்கு அது வலித்தது, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. "அங்க என்ன?" என்றாள் வெளியூர் மேடம் மேசையிலிருந்தே. "பரீட்சை எழுதறவங்க ஸ்டாஃப்கிட்ட பேசக் கூடாதுன்னு சொல்லிருக்குல்ல?" வடிவு போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். மேடம் சார்ட்டை வாங்கி மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பெனிட்டா மிஸ்ஸும் எட்டிப் பார்த்தாள். மேடம் எழுந்துபோய்க் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு நாடி பார்க்கிற பாவனையில் நின்றாள். முழு நிமிடமும் நின்றாள். அப்புறம் முத்துக்கனியிடம், "டாக்டரக் கூப்பிடுங்க, ஆக்சிஜன் கொண்டு வாங்க" என்றாள். வடிவிடம் திரும்பி, "கேர் பிளான்?" "இன்னும் தொடங்கல மேடம்." "கால் மணி நேரம்தான் இருக்கு. இதுக்காகக் கூட்டித் தர மாட்டேன். எழுதினதுக்குத்தான் மார்க்." "எழுதிருவேன் மேடம்." மேடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கட்டிலருகே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் வரி வந்தது. நெட்டுருப் போட்டதுபோல வரவில்லை. நெட்டுருப் போட்டதில் இவர் இல்லை. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினாள், மூன்று வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை, கழுத்தில் குழி விழுகிறது, உதட்டைக் குவித்து விடுகிறார். இங்கிலீஷ் தப்பாகக்கூட இருக்கும். இருக்கட்டும். முடிக்க முடியுமா என்று ஒரு மனது கேட்டது, முடியும்வரை எழுது என்று இன்னொன்று சொன்னது, போனால் மறுபடி எழுது, ஆவுடையப்பன் என்ன சொன்னாலும் எழுது, அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு வீட்டுக்கு இல்லை என்றார். உலகம்மாள் கூடையிலிருந்து தட்டை வெளியில் எடுத்தாள், பிளாஸ்க்கை எடுத்தாள். கிழவர்தான் வடிவின் பக்கம் திரும்பினார். "ஏ பிள்ள. எழுதுனது நீ. ஃபெயிலு... எனக்கா?" வடிவு பேனாவை மடியில் வைத்தாள். "ரெண்டு நாள் கழிச்சுப் போகலாம் தாத்தா. நல்லா மூச்சு விட்டுட்டுப் போகலாம்." "அந்தப் பய... டிக்கெட்டுக் குடுக்கக் காத்துட்டு இருப்பான்" என்றார். வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்துக்கனி வந்து, வடிவைப் பார்க்காமலே, மாஸ்க்கை மாட்டினாள், ரப்பர் நாடாவைத் தலைக்குப் பின்னால் இழுத்துவிட்டாள், குழாயைத் திருகினாள், விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பைப் பொருத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். வார்டில் ஆக்சிஜன் சீறுகிற சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. வடிவு இரண்டாவது பத்தியை முடித்து, மூன்றாவதில் முதல் வார்த்தையை எழுதினாள். நிமிர்ந்தாள். ரப்பர் நாடா அவசரத்தில் கிழவரின் காதுமடலை முன்னுக்கு மடித்து இறுக்கியிருந்தது. அவள் எழுந்து, ஒரு விரலை நாடாவுக்கு அடியில் கொடுத்து, மடங்கிய காதை வெளியில் எடுத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து எழுதினாள்.